மதிப்பெண் மட்டும் புரியும் மொழி: அந்தமான் தமிழ்ப் பெற்றோரின் மே மாதக் கவலை

புதுதில்லி: மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 2025 மே 13 அன்று பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை ஒரே நாளில் வெளியிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் நாடு முழுவதும் தேர்ச்சி பெற்றோர் 88.39 விழுக்காடு. மண்டலவாரியாகப் பார்த்தால் விஜயவாடா முதலிடம், திருவனந்தபுரம் இரண்டாமிடம், 97.39 விழுக்காட்டுடன் சென்னை மூன்றாமிடம். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் சென்னைக்கு இதே மூன்றாமிடம்தான். தில்லியிலிருந்து வரும் அறிக்கையில் இதற்கு மேல் தென்னகத்தைப் பற்றிச் செய்தி ஏதும் இருப்பதில்லை.

ஆனால் அந்தச் சென்னை மண்டலத்துக்குள், சென்னையிலிருந்து கப்பலில் சென்றால் ஏறக்குறைய மூன்று நாள் தொலைவில், அந்தமான் நிக்கோபார் தீவுகளும் அடங்கியிருக்கின்றன. தீவுகளுக்கெனத் தனிக் கல்வி வாரியம் கிடையாது. டிக்லிபூர் முதல் கேம்பல் பே வரையிலுள்ள பள்ளிகளின் மாணவர்கள் எழுதுவது சி.பி.எஸ்.இ. தேர்வுதான். தமிழகத்தின் பெருநகரத் தனியார் பள்ளிகளும், வாரத்தில் சில நாள் மட்டுமே கப்பல் வந்துபோகும் தீவின் அரசுப் பள்ளியும் ஒரே சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன. சராசரி உயர்ந்திருக்கிறது என்று தில்லி மகிழும் அதே நாளில், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் தமிழ்க் குடும்பங்களில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று. எவ்வளவு மார்க்?

எப்படிப் படித்தாய், எந்தப் பாடம் கடினமாக இருந்தது, சென்ற ஆண்டைவிட எதில் முன்னேறியிருக்கிறாய் என்ற கேள்விகள் பெரும்பாலான வீடுகளில் எழுவதில்லை. பிள்ளையின் உழைப்பைப் பார்க்காமல் விளைச்சலை மட்டும் பார்க்கிறார்கள் என்று பெற்றோரைக் குறை சொல்வது எளிது. கல்வியாளர்களின் கருத்தரங்குகளில் இந்தக் குறை ஓயாமல் சொல்லப்படுகிறது. தீவுகளில் அந்தக் கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால், பழியைப் பெற்றோர் தலையில் மட்டும் போட முடியாது என்பது புலப்படும்.

விட்டுச்செல்ல வேலை இல்லை

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. வங்காளி, இந்தி மொழியினருக்கு அடுத்தபடியாக மூன்றாவது பெரிய மொழிப்பிரிவினர் தமிழர்களே. வங்காளிகளில் பெரும்பாலோர் 1949க்குப் பிறகு அகதிகளாக வந்து நிலம் பெற்றுக் குடியமர்த்தப்பட்டவர்கள். தமிழர்களின் வருகை வேறுவிதமானது. துறைமுகம், சாலை, மரம் வெட்டுதல், கட்டுமானம், சிறு வணிகம் என்று கூலியையும் கடையையும் நம்பி வந்தவர்களே மிகுதி. நிலம் பெற்று வந்தவர்கள் குறைவு.

கச்சால் தீவின் தமிழர்கள் வந்த வழி இன்னும் நீளமானது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு பகுதியினர், நிக்கோபார் தொகுதியிலுள்ள கச்சாலின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். தேயிலையிலிருந்து ரப்பருக்கு, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. பள்ளி, குடியிருப்பு, படகுத்துறை ஆகியவற்றோடு மனிதர்களையும் கடல் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் முகாம்களிலிருந்து வாழ்க்கையை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

வேலையின் கதை என்ன ஆயிற்று? 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தீவுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. காடுகளுக்கும் ஜாரவா பழங்குடியினருக்கும் அது தேவையான ஆணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மரத்தை நம்பியிருந்த ஒட்டுப்பலகை ஆலைகள் அதனால் மூடப்பட்டன. ரப்பர் தோட்டத்தை நடத்திவந்த அந்தமான் நிக்கோபார் வன மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் பல்லாண்டுக் கால நட்டத்துக்குப் பிறகு, 2017இல் மத்திய அமைச்சரவையின் முடிவால் மூடலுக்கு உள்ளாயிற்று. தகப்பன் மரம் அறுத்தான், மகனும் அறுப்பான் என்ற நிலை ஒரே தலைமுறையில் முடிந்துபோனது.

எஞ்சியிருப்பது அரசு வேலையும், சுற்றுலாவும், மீன்பிடியும், கடைகளும்தான். தீவுகளில் மிகப்பெரிய வேலை வழங்குநர் நிர்வாகமே. அந்த வேலைக்குக் கல்விச் சான்றிதழ் வேண்டும். நிலமோ, தோட்டமோ, பரம்பரைத் தொழிலோ பிள்ளைக்கு விட்டுச்செல்ல முடியாத ஒரு தந்தை, மதிப்பெண் பட்டியலைச் சொத்துப் பத்திரம் போலப் பார்ப்பதில் வியப்பில்லை. பேராசை என்று இதற்குப் பெயரிடுவோர், அவர் போடும் கணக்கில் தவறு எங்கே என்று காட்ட வேண்டியிருக்கும்.

விரல்விட்டு எண்ணிய இடங்கள்

தீவுகளில் 1967இல் தொடங்கப்பட்ட ஜவகர்லால் நேரு அரசுக் கல்லூரியே நெடுங்காலம் உயர்கல்விக்கான முதன்மை நிறுவனமாக இருந்தது. தீவுகளின் கல்லூரிகள் முதலில் பஞ்சாப் பல்கலைக்கழகத்துடனும் பின்னர் 1985இல் தோன்றிய புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துடனும் இணைக்கப்பட்டன. மருத்துவக் கல்லூரி கிடையாது. மருத்துவராக விரும்பும் தீவு மாணவனுக்கு இருந்த வழி, மத்திய அரசின் தொகுப்பிலிருந்து யூனியன் பிரதேசத்துக்கு ஒதுக்கப்படும் சில இடங்கள் மட்டுமே. தகுதிப் பட்டியலில் முன்னால் நிற்பவர் நாட்டின் ஏதோவொரு மூலையிலுள்ள கல்லூரிக்கு அனுப்பப்படுவார். அடுத்து நிற்பவர் அங்கேயே நிற்பார். பொறியியல் உள்ளிட்ட பிற தொழிற்படிப்புகளுக்கும் நிலைமை ஏறத்தாழ இதுவே.

ஒரு மாநிலத்தில் பல்லாயிரம் இடங்கள் இருக்கும்போது ஐந்து மதிப்பெண் குறைந்தால் கல்லூரியின் பெயர் மாறும். தீவில் அதே ஐந்து மதிப்பெண் குறைந்தால் தொழிலே மாறியது. பட்டியலில் யார் முன்னே, யார் பின்னே என்பது ஊருக்கே தெரிந்துவிடும் அளவுக்குச் சிறிய சமூகம் அது. அபர்டீன் கடைவீதியில் ஒருவர் பிள்ளையின் மதிப்பெண்ணை இன்னொருவர் அறியாமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்ற கேள்வியை நாம் வம்பு என்போம். ஒதுக்கீட்டு இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாக இருந்த காலத்தில், அது மருத்துவ இடத்துக்கான வாய்ப்பைக் கணக்கிடும் முறையாகவும் இருந்தது.

2015இல் அந்தமான் நிக்கோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் நிறுவனம் 100 எம்.பி.பி.எஸ். இடங்களுடன் தொடங்கப்பட்டது. தீவு மாணவர்கள் வீட்டிலிருந்தே மருத்துவம் படிக்கலாம் என்ற நிலை முதன்முறையாக உருவாயிற்று. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் அடுத்த ஆண்டே 'நீட்' தேர்வு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கதவு அகலமான வேளையில் பூட்டும் மாறியது. அதுவரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்ட பெற்றோர் இப்போது 720க்கு எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினர். பயிற்சி மையத்துக்காகச் சென்னைக்கோ விசாகப்பட்டினத்துக்கோ பிள்ளையை அனுப்ப வசதியுள்ளவர்கள் அனுப்பினர். வசதியற்றவர்கள் கடன் வாங்கினர், அல்லது பிள்ளையிடம் இன்னும் கொஞ்சம் கடுமையாகக் கேட்டனர்.

தில்லி எடுத்த மூன்று முயற்சிகள்

மாணவரின் உழைப்புக்கும் இடம் தரவேண்டும் என்ற எண்ணம் தில்லிக்கு வராமல் இல்லை. 2009இல் கபில் சிபல் மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்தபோது தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, அதாவது சி.சி.இ. முறை, சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் உயர்வகுப்புகளில் அறிமுகப்படுத்தப்பட்டது. ஆண்டு முழுவதும் நான்கு வளரறி மதிப்பீடுகளுக்கு 40 விழுக்காடு, இரண்டு தொகுத்தறி தேர்வுகளுக்கு 60 விழுக்காடு என்று பிரிக்கப்பட்டது. மதிப்பெண்ணுக்குப் பதில் தரநிலை. பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வு 2011 முதல் விருப்பத் தேர்வாயிற்று.

நோக்கம் நல்லது. நடந்தது வேறு. செய்முறைத் திட்டங்களைப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் செய்தனர். செய்ய நேரமில்லாத பெற்றோர் கடையில் வாங்கினர். ஆசிரியர்கள் பதிவேடு நிரப்புவதிலேயே களைத்தனர். பெற்றோரும் நிம்மதி அடையவில்லை. 'ஏ-2' என்றால் எத்தனை மதிப்பெண் என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். கல்லூரிச் சேர்க்கை அப்போதும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் தசமப் புள்ளிகளில் தொங்கிக்கொண்டிருக்கையில், பத்தாம் வகுப்பில் மட்டும் தரநிலை கொடுத்தால் எவர் நம்புவார்? 2018இல் பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று. சி.சி.இ. முறைக்காகத் துக்கம் காத்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

இரண்டாவது முயற்சி நோய்த்தொற்றால் வாய்த்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இரு வகுப்புகளின் வாரியத் தேர்வுகளும் ரத்து செய்யப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்புக்கு, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 30 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 30, பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகளிலிருந்து 40 என்ற சூத்திரம் வகுக்கப்பட்டது. தேர்ச்சி 99.37 விழுக்காடாக உயர்ந்தது. அந்த விழுக்காட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரே ஆண்டில், மூன்றாண்டு உழைப்பு முழுவதும் கணக்கில் வந்தது. பதினொன்றாம் வகுப்பை 'ஓய்வு ஆண்டு' என்று கருதிப் பிள்ளையின் அறிக்கை அட்டையைப் பிரித்தும் பாராத பெற்றோர், அந்த அட்டைக்கு விலை உண்டு என்று திடீரெனக் கண்டனர். மறு ஆண்டு தேர்வு திரும்பியது. பாடம் மறந்துபோயிற்று.

தீவுகளில் அந்தக் காலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது தீவுகள் பெரிதும் செயற்கைக்கோள் வழி இணையத்தையே நம்பியிருந்தன. சென்னையிலிருந்து கடலடியில் 2,312 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் இணையவழி வகுப்பு என்பது பல தீவுகளில் பெயரளவில்தான். அந்த ஆண்டுகளில் ஒரு மாணவி எவ்வளவு உழைத்தாள் என்பதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

மூன்றாவது முயற்சி அண்மையது. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு வாரியத் தேர்வுகள் என்று சி.பி.எஸ்.இ. 2025 ஜூனில் அறிவித்தது. பிப்ரவரியில் தொடங்கும் முதல் தேர்வு கட்டாயம். மே மாதத் தேர்வில் மூன்று பாடங்கள் வரை எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். ஒரே நாளில் தலைவிதி முடிந்துவிடக் கூடாது என்பதே இதன் நியாயம். அந்த நியாயத்தைப் பெற்றோர் ஏற்றால் பிள்ளைக்கு அது இரண்டாவது வாய்ப்பு. ஏற்காவிட்டால், 94 வாங்கிய பிள்ளையை 97க்காக மேலும் மூன்று மாதம் அறைக்குள் அடைத்துவைக்கும் ஏற்பாடாக அது முடியும்.

எண் மட்டும் புரிகிறது

இத்தனை முயற்சிகளும் பெற்றோரின் கேள்வியை மாற்றாததற்குத் தீவுகளில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அது மொழி.

வீட்டில் தமிழ். தெருவில், சந்தையில், விளையாட்டுத் திடலில் அந்தமான் இந்தி. பள்ளியில், தொடக்க வகுப்புகளில் தமிழ்வழி வாய்ப்புக் கிடைக்கும் இடங்களிலும், மேல் வகுப்புக்குப் போகப் போக ஆங்கிலம் அல்லது இந்தியின் பக்கம் சாய வேண்டிய கட்டாயம். வாரியத் தேர்வின் முதன்மை மொழிகள் அவை இரண்டுமே. இந்தச் சூழலில் பத்தாம் வகுப்பு மாணவனின் அறிவியல் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கும் தாய்க்கு, அவர் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவராகவே இருந்தாலும், அதில் ஒரு வரி புரிவதில்லை. மகன் மூன்று முறை அடித்துத் திருத்தி ஒரு கணக்கைச் சரியாக முடித்திருப்பது அவர் கண்ணுக்குப் படாது. ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்பும் அவருக்கு எட்டாது. அந்தப் பக்கத்தில் அவருக்கு விளங்கும் ஒரே குறி, சிவப்பு மையில் எழுதப்பட்ட எண்.

உழைப்பைப் பாராட்டுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்வோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பார்க்க முடியாததை எப்படிப் பாராட்டுவது? தமிழகத்தின் சிற்றூர்களில் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளிலும் இதே நிலை உண்டு. தீவுகளில் அது பெரும்பான்மை நிலை என்பதுதான் வேறுபாடு. அங்கே ஆசிரியரும் தமிழராக இருக்க வேண்டியதில்லை. பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தில் இந்தியில் சொல்லப்படுவதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கடைசியில் அட்டையிலுள்ள எண்ணைப் பார்த்துக்கொண்டு திரும்புவதே வழக்கமாகிவிடுகிறது.

கூட்டத்துக்கு வருவதே பாடுதான். டிக்லிபூரிலிருந்து தலைநகருக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை. இடையில் ஜாரவா காப்புப் பகுதிக்குள் குறித்த நேரங்களில் மட்டுமே வாகனங்கள் வரிசையாக அனுமதிக்கப்படும். நிக்கோபார் தீவுகளிலிருந்து கப்பல் கிடைப்பது கடலின் மனநிலையைப் பொறுத்தது. மேல்படிப்புக்காகத் தலைநகரில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கும் பிள்ளையின் அன்றாடப் படிப்பைத் தொலைவிலிருந்து ஒரு தந்தை அறிந்துகொள்ள, தொலைபேசியில் கேட்கக்கூடிய கேள்வியும் அந்த எண் ஒன்றுதான்.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் பாடங்களில் 80 மதிப்பெண் வாரியத் தேர்வுக்கு, 20 பள்ளியின் அக மதிப்பீட்டுக்கு. அந்த இருபதில் பருவத் தேர்வுகள், பலவகை மதிப்பீடு, மாணவரின் பணித்தொகுப்பு, பாடச் செறிவூட்டல் ஆகியவற்றுக்கு ஐந்தைந்தாகப் பங்கு. ஒழுங்காக வந்து, ஒழுங்காக எழுதி, ஒழுங்காக ஒப்படைக்கும் பிள்ளைக்கு அரசே ஒதுக்கிய பங்கு இது. உழைப்பை எண்ணாக மாற்றித் தரும் ஒரே ஏற்பாடும் இதுதான். தேர்ச்சிக்கு 33 விழுக்காடு போதும் என்ற நிலையில், எல்லைக்கோட்டில் தவிக்கும் மாணவருக்கு இதன் மதிப்பு எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோருக்கு அவர்கள் மொழியில் ஒரு தாளில் விளக்கினால் புரிந்துவிடும் செய்தி.

விலை

இந்த ஒற்றைக் கேள்விக்கு ஒரு விலை இருக்கிறது. தேசியக் குற்றப் பதிவுகள் பணியகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். முந்தைய ஆண்டில் 13,089. அதே அறிக்கைகளில், தீவுகளைப் பற்றிய எண் தில்லியை உலுக்கியிருக்க வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்ற கணக்கில் 2021இல் நாட்டிலேயே மிக அதிகத் தற்கொலை விகிதம் அந்தமான் நிக்கோபாரில்தான்: 39.7. தேசிய சராசரி 12. 2022இல் விகிதம் 42.8 ஆக உயர்ந்தும், சிக்கிம் 43.1 என்று முந்தியதால் தீவுகள் இரண்டாமிடத்துக்கு வந்தன.

இந்த விகிதம் எல்லா வயதினருக்குமானது. காரணங்களும் பல. மக்கள்தொகை குறைவாக உள்ள பகுதியில் சில இறப்புகளே விகிதத்தை வெகுவாக உயர்த்திவிடும் என்பதும் உண்மை. எனவே இதைத் தேர்வோடு நேரடியாக முடிச்சுப் போடுவது தவறு. ஆயினும் துயரம் இவ்வளவு அருகில் உள்ள ஒரு சமூகத்தில், மே மாதத்து மாலையில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தலைகுனிந்து வீட்டுக்குள் நுழையும்போது கேட்கப்படும் முதல் வாக்கியத்துக்கு எடை கூடுதல்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நீட் பயிற்சிக்காக விசாகப்பட்டினம் சென்ற பதினேழு வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், கல்வி நிறுவனங்களுக்குப் பதினைந்து வழிகாட்டுதல்களை வகுத்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வின் அந்தத் தீர்ப்பு, உரிய சட்டம் வரும்வரை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். படிப்பில் முன்னே, பின்னே என்று மாணவர்களைப் பிரித்து வைப்பதும், பலர் முன் இழிவுபடுத்துவதும் கூடாது. பெற்றோருக்கும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்தப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருப்பது கவனத்துக்குரியது.

மாணவர் எண்ணிக்கை நூற்றுக்கும் குறைவான தீவுப் பள்ளிக்கு, வெளியிலுள்ள வல்லுநர் என்பவர் அடுத்த கப்பலில் போய்ச் சேரவேண்டிய தொலைவில் இருக்கிறார். கம்பிவடம் வந்துசேர்ந்த தீவுகளிலாவது தொலைபேசி வழி ஆலோசனை உதவலாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' 14416 என்ற எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். சி.பி.எஸ்.இ. 1998 முதலே தேர்வுக் காலத்தில் ஆலோசனை வழங்கிவருகிறது. இவை இருப்பதைத் தமிழ்ப் பெற்றோரில் எத்தனை பேருக்குப் பள்ளிகள் சொல்லியிருக்கின்றன என்பது வேறு விவகாரம்.

கெட்டிக்காரன் என்ற பட்டம்

மதிப்பெண் குறைந்த பிள்ளையைத் திட்டுவது மட்டுமே சிக்கல் என்று நினைக்க வேண்டாம். புகழ்வதிலும் சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, முடித்ததும் ஒரு பகுதியினரை 'நீ கெட்டிக்காரன்' என்றும், இன்னொரு பகுதியினரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினர். பிறகு எல்லோருக்கும் கடினமான புதிர்கள். கெட்டிக்காரர் என்று புகழப்பட்டவர்கள் தோல்விக்குப் பின் விரைவில் சோர்ந்தனர். அடுத்துச் செய்ய எளியதையே தேர்ந்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றனர். இந்தக் கோட்பாட்டை அடிப்படையாக வைத்துப் பின்னாளில் பள்ளிகளில் நடத்தப்பட்ட திட்டங்களின் பலன் எதிர்பார்த்த அளவு பெரிதாக இல்லை என்ற விமர்சனமும் உண்டு. பாராட்டும் சொல்லை மாற்றினாலே மதிப்பெண் கூடிவிடும் என்று எவரும் நம்ப வேண்டியதில்லை.

நமக்கு இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து வரவேண்டுமா என்று கேட்கலாம். திருக்குறளில் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அந்த அதிகாரத்துக் குறளைப் பிள்ளையை ஒப்பிக்கச் சொல்லி, ஒப்பித்ததற்கு மதிப்பெண்ணும் போட்டு, அந்த மதிப்பெண்ணை மட்டும் வீட்டில் கேட்கும் சமூகம் நாம்.

சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. தமிழக அரசு 2017 முதல் பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்தியது. சி.பி.எஸ்.இ.யும் தகுதிப் பட்டியல் வெளியிடுவதைக் கைவிட்டு, முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பகுப்பையும் விட்டுவிட்டது. தனியார் பள்ளிகளின் வாழ்த்துப் பதாகைகள் மட்டும் இந்தச் சுற்றறிக்கைகளைப் படித்ததாகத் தெரியவில்லை.

தீவுகளைப் பொறுத்தவரை முடிவெடுக்கும் இடம் தில்லி. சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசம் அது. துணைநிலை ஆளுநரின் நிர்வாகம் மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் பதில் சொல்கிறது. மக்களவையில் ஒரே ஒரு உறுப்பினர். பள்ளிக்குத் தமிழாசிரியர் வேண்டும் என்றாலும், மருத்துவ இடங்களின் எண்ணிக்கை கூட வேண்டும் என்றாலும், கச்சாலில் இருக்கும் ஒரு தாயின் கோரிக்கை அந்த ஒற்றை இருக்கை வழியாகத்தான் இங்கு வந்தாக வேண்டும். தமிழக உறுப்பினர்கள் முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். தீவுத் தமிழர் அவர்களுக்கு வாக்காளர் அல்லர்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மதிப்பெண் அட்டைக்குப் பதிலாக முழுமையான முன்னேற்ற அட்டை ஒன்றை முன்மொழிந்தது. என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் 2023இல் அமைக்கப்பட்ட 'பரக்' என்ற மதிப்பீட்டு மையம் வகுப்பு நிலைவாரியாக அதை வடிவமைத்துவருகிறது. பிள்ளை எப்படி முயல்கிறது, எங்கே தடுமாறுகிறது, உடன் படிப்போரோடு எப்படிப் பழகுகிறது என்பதெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். பிள்ளை தன்னைப் பற்றித் தானே எழுதும் பகுதி உண்டு. பெற்றோர் நிரப்ப வேண்டிய பகுதியும் உண்டு. கொள்கையைப் பற்றி எத்தனை கருத்து வேறுபாடு இருந்தாலும், மதிப்பெண்ணைக் கேட்கும் பெற்றோரிடம் அரசு திருப்பி ஒரு கேள்வி கேட்பது இதுவே முதல்முறை எனலாம். ஸ்ரீ விஜயபுரத்திலும் ரங்கத்திலும் கச்சாலிலும் அந்தப் பகுதியை நிரப்ப வேண்டிய தமிழ்த் தாயின் கையில் எந்த மொழியில் அச்சிட்ட அட்டையைக் கொடுப்பது என்பதை உள்துறை அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும்.